உள்ளே வைத்தவர்கள் எடுத்தார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உடற்பருமனைக் குறைக்கக் குடலுக்குள் பொருத்தும் கருவிகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கத்தி இல்லை, தையல் இல்லை என்று வரிக்கு வரி வியந்த கட்டுரையாளர், உள்ளே போன கருவியை எப்போது, யார் வெளியே எடுப்பார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. எண்டோஸ்கோப்பி பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இவ்வகைக் கருவிகளில் பேர்போனது, அமெரிக்காவின் ஜி.ஐ. டைனமிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எண்டோபேரியர். சுமார் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய பிளாஸ்டிக் உறை. வாய்வழியாக இறக்கி, இரைப்பையைத் தாண்டியதும் சிறுகுடலின் தொடக்கத்தில் மாட்டிவிடுவார்கள். சாப்பாடு உறைக்குள்ளேயே இறங்கிப்போகும். பித்தநீர் உறைக்கு வெளியே வழிந்து, கீழே போய்த்தான் அதோடு சேரும். எடை குறைந்தது, சர்க்கரையும் குறைந்தது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உறை நகராமலிருக்க, தூண்டில் முள் மாதிரியான உலோகக் கொக்கிகள் குடல் சுவரில் குத்தி நிற்கும். அமெரிக்காவில் நடந்த பெரிய பரிசோதனையில் கருவி பொருத்தப்பட்டவர்களில் 3.5 சதவீதம் பேருக்குக் கல்லீரலில் சீழ்க்கட்டி வந்தது. 2015-இல் அந்தப் பரிசோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். 2017-இல் ஐரோப்பிய விற்பனைச் சான்றும் போனது. ஒரு வருடத்தில் எடுத்துவிட வேண்டிய கருவி இது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரைப்பையில் வைக்கும் பலூனும் அப்படித்தான். பலவற்றுக்கு ஆறு மாதம்தான் கெடு. திரவம் நிரப்பிய பலூன் வைத்துக்கொண்டவர்களில் 2016 முதல் உலக அளவில் 12 பேர் இறந்ததாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் அறிவித்தது. பலூன்தான் காரணம் என்று அது முடிவுகட்டவில்லை. கணக்கையாவது வெளியே சொன்னது.

இங்கே? மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்பைக் கண்காணிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2015-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் மருத்துவமனைகள் மனம் வைத்துத் தெரிவித்தால்தான் பெரும்பாலும் தகவல் வரும். யாருக்கு, எந்த நாளில், எந்தக் கருவி வைத்தார்கள் என்பதற்குக் கட்டாயத் தேசியப் பதிவேடு கிடையாது. கருவி வைத்துக்கொண்டவர் வேலைக்கு துபாய் போயிருப்பார், போன் எண் மாறியிருக்கும். வலி இல்லை, எடையும் இறங்குகிறது; அவர் எதற்குத் திரும்பி வரப்போகிறார்? எடுக்கும் செலவு ‘பேக்கேஜி’ல் சேருமா என்பதுகூடப் பலருக்குத் தெரியாது.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு எடை கூடுதல். வியாபாரிகள் இதைக் கவனிக்காமல் இருப்பார்களா? கெடு வைத்து எடுக்க வேண்டிய எந்தக் கருவிக்கும், பதிவேடு இல்லாமல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தரக்கூடாது. கெடு நெருங்கும்போது நோயாளியைத் தேடிப்பிடிப்பது பொருத்திய மருத்துவமனையின் சட்டப்படியான கடமையாக வேண்டும்.

உங்கள் நிருபர் அடுத்த முறை இக்கருவிகளைப் பொருத்தும் மருத்துவமனைகளுக்குப் போகும்போது, இதுவரை எத்தனை பேருக்குப் பொருத்தினார்கள், எத்தனை பேருக்கு எடுத்தார்கள் என்று கேட்டு இரண்டு எண்களையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
திருநெல்வேலி.