ஐ.சி.யூ. இளம் செவிலியருக்குத் துணை வேண்டும்



எங்கள் உடன்குடி பக்கத்துப் பெண்பிள்ளைகள் பலர் செவிலியர் படிப்பு முடித்து, தூத்துக்குடி, திருநெல்வேலி மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்கிறார்கள். ஓய்வுபெற்ற செவிலியரான நான் அவர்களுக்காக எழுதுகிறேன்.

நோயாளி இறந்து, வென்டிலேட்டரை நிறுத்தியதும் குழாய்களைக் கழற்றி, முகம் துடைத்து, தாடையையும் கால் கட்டைவிரல்களையும் காஸ் துணியால் கட்டுவது அந்தப் பிள்ளைதான். வாசலில் உறவினர் கதறல் கேட்கும். சற்று நேரத்தில் அதே கட்டிலுக்கு அடுத்த நோயாளி வந்துவிடுவார். அழக்கூட நேரமில்லை. "போகப்போகப் பழகிடும்" என்பார்கள். பழகாது, உள்ளே இறுகும். நாம் சரியாகக் கவனிக்கவில்லையோ என்று ராத்திரியெல்லாம் மனம் அரிக்கும்.

2021 கொரோனா இரண்டாம் அலையில் இதை அன்றாடம் கண்டவர்களில் ஒப்பந்தச் செவிலியர்களும் உண்டு. கொரோனா காலத்தில் சேர்ந்த அவர்களில் பலரின் பணி 2022 டிசம்பருடன் முடித்துவைக்கப்பட்டது. அவர்கள் மனத்தில் சுமந்து போனதை யார் இறக்கிவைப்பார்?

இந்தச் சுமையைக் குறைக்க, அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜோனதன் பார்ட்டெல்ஸ் என்ற செவிலியர் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். நோயாளி இறந்ததும் மருத்துவர் உட்பட எல்லாரும் கட்டிலருகே சிறிது நேரம் மௌனமாக நிற்பார்கள். இதற்குச் செலவே இல்லை, இங்கும் செய்யலாம். புதியவர்களின் முதல் சில மாதங்களில் மருத்துவமனைகள் மூத்த சிஸ்டர் ஒருவரை உடன் போட வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் ஆலோசகர் மாதம் ஒருமுறையாவது ஐ.சி.யூ. செவிலியர்களைச் சந்திக்க, சுகாதாரத் துறை ஆணையிட வேண்டும்.

– ஓய்வுபெற்ற செவிலியர், உடன்குடி