முன்னே போன விமானத்தின் ‘சுழல் காற்று’! ஓடுபாதையில் 2 நிமிடம் நிறுத்துவது ஏன்?

புவனகிரி—

புவனகிரி, சிதம்பரம் பக்கம் இருந்து துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. சென்னையில் விமானம் ஏறியவர்கள் சொல்லும் புகார் ஒன்று உண்டு. “கதவைச் சாத்தியாச்சு, ஓடுபாதைக்கும் வந்தாச்சு. இன்னும் ஏன் சார் நிக்குது?”

காரணம் பல இருக்கலாம். அதில் ஒன்று உயிர் சம்பந்தப்பட்டது.

லாரிக் காற்று

கடலூர் ரோட்டில் பெரிய லாரி உரசினாற்போல் கடந்தால் சைக்கிள் ஆடும் அல்லவா? வானத்திலும் அதே கதைதான், பல மடங்கு பெரிசாக. விமானத்தின் இரண்டு இறக்கை முனையில் இருந்தும் காற்று கயிறு திரித்தாற்போல் சுழன்று பின்னால் நீளும். கனமான விமானம் என்றால் சுழலும் பலமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, மெல்லக் கீழே இறங்கும். காற்று அசையாத நாளில்தான் ஆபத்து அதிகம். சுழல் சீக்கிரம் கலையாது.

கணக்கு என்ன?

136 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ளவை ‘கன ரக’ விமானங்கள். அதன் பின்னால் ஏர்பஸ் 320 போன்ற நடுத்தர விமானம் இறங்க வேண்டுமானால் சுமார் 9 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும். புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் உள்ள தூரத்தை விட அதிகம்! முன்னே போவது இரண்டு மாடி ஏர்பஸ் 380 என்றால் 13 கிலோமீட்டர். கிளம்பும்போது 2 நிமிடம். 380-க்குப் பின்னால் 3 நிமிடம்.

அரபிக்கடலில் நடந்தது

2017 ஜனவரி 7. மாலத்தீவில் இருந்து அபுதாபி சென்ற சிறிய ஜெட் விமானத்துக்கு 1000 அடி மேலே, எதிர்த்திசையில் ஒரு ஏர்பஸ் 380 கடந்தது. சற்று நேரத்தில் சிறிய விமானம் குட்டிக்கரணம் போட்டு சுமார் 9 ஆயிரம் அடி கீழே விழுந்தது. பயணிகள் காயம் அடைந்தனர். விமானி சமாளித்து மஸ்கட்டில் இறக்கினார். அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை.

கவனிக்க வேண்டியது இதுதான்: 1000 அடி விதி மீறப்படவில்லை. அந்த விதி மோதலைத் தடுக்க வந்தது. சுழலைத் தடுக்க அல்ல. கடல் மேல் போகும் விமானிகள் பாதையை விட்டுக் கொஞ்சம் வலப்புறம் ஒதுங்கிப் போக அனுமதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதே நல்லது.

குறைக்கலாமா?

கூட்டம் கூடக் கூட, இடைவெளியைக் குறைக்கச் சொல்லி நெருக்கடி வரும். குறைக்கவே கூடாது என்பதல்ல. லண்டன் ஹீத்ரோவில் 2015 முதல், எதிர்காற்று பலமான நாட்களில் தூரத்துக்குப் பதில் நேரத்தை வைத்து நெருக்கி இறக்குகிறார்கள். அது அளந்து பார்த்துச் செய்வது. அவசரத்துக்குச் செய்வது வேறு.

ஆகவே அந்த 2 நிமிடத்தைத் திட்டாதீங்க. பறக்கும்போதும் பெல்ட்டைக் கழற்றாதீங்க!