ஏழு கிலோவுக்குள் ஒரு கேமரா

பள்ளி விடுமுறை நெருங்கினாலே நம் வீடுகளில் இரண்டு பேச்சுகள் தொடங்கிவிடும். திருச்சிக்கா, சென்னைக்கா, எந்த விமானம் மலிவு என்பது ஒன்று. யார் பெட்டியில் எத்தனை கிலோ என்பது மற்றொன்று. இப்போது மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது நல்ல கேமரா வைத்திருக்கிறது. தாத்தாவின் ஊர்க் கோயில் கும்பாபிஷேகமோ, சித்தப்பா மகள் திருமணமோ, படம் எடுக்க ஆள் வீட்டிலேயே இருக்கிறது. சிலர் அதைப் பகுதி நேரத் தொழிலாகவும் செய்கிறார்கள். இந்த வாரம் கிள்ளானில் ஒரு திருமணம், அடுத்த வாரம் கோத்தா கினாபாலுவில் ஒரு நிச்சயதார்த்தம் என்று பறக்கிறார்கள்.

கேமராவைப் பெட்டியில் போடாதே, கையில் எடுத்துப் போ என்பது இவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விதி. நல்ல விதிதான். ஆனால் அது பாதி விதி. கையில் எடுத்துப் போகும் பை விமானத்தின் வாசல் வரை நம்மிடம் இருக்கும். அதற்குப் பிறகும் இருக்கும் என்று உறுதியில்லை. எடை கூடினாலோ, இருக்கைக்கு மேலே உள்ள இடம் நிரம்பிவிட்டாலோ, பையை வாங்கிச் சரக்குப் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தை மனத்தில் வைத்துத்தான் பையை அடுக்க வேண்டும்.

முதலில் தராசு

மலேசியா ஏர்லைன்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இரண்டிலும் சாதாரண வகுப்பில் கையில் எடுத்துச் செல்லும் பைக்கு 7 கிலோ. ஏர்ஏசியாவில் பெரிய பை ஒன்று, சிறிய பை ஒன்று, இரண்டும் சேர்த்தே 7 கிலோ. ஸ்கூட்டில் இரண்டும் சேர்த்து 10 கிலோ. கட்டண வகைக்கு ஏற்ப இவை மாறும் என்பதால் உங்கள் டிக்கெட்டில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு திருமணப் படப்பிடிப்பாளரின் பையை எடுத்துக்கொள்வோம். சோனி ஏ7 நான்காம் பதிப்பு கேமரா, பேட்டரியும் கார்டும் சேர்த்து 658 கிராம். அவரிடம் அப்படி இரண்டு. 24-70 லென்ஸ் (ஜிஎம் இரண்டாம் பதிப்பு) 695 கிராம். அதே வரிசையின் 70-200 லென்ஸ் 1,045 கிராம். முகத்தை அழகாகக் காட்டும் 85 லென்ஸ் (எஃப் 1.8) 371 கிராம். இவை மட்டும் கிட்டத்தட்ட மூன்றரை கிலோ. ஃபிளாஷ் ஒன்று அரை கிலோ. கூடுதல் பேட்டரி, சார்ஜர், கார்டுகள் எல்லாம் சேர்த்து இன்னொரு அரை கிலோ. இதுவரை நாலரை கிலோ.

பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இவற்றைச் சுமக்கும் நல்ல கேமரா பை வெறுமையாகவே ஒன்றரை முதல் இரண்டு கிலோ இருக்கும். அதில் மடிக்கணினியையும் அதன் சார்ஜரையும் வைத்தால் எட்டு கிலோவைத் தாண்டிவிடும். மாற்றுச் சட்டைகூட இன்னும் வைக்கவில்லை.

எடையைக் குறைக்க முதல் வழி பையை மாற்றுவது. பஞ்சு வைத்த உள்ளறை தனியாகவே கடைகளில் கிடைக்கிறது. அதைச் சாதாரண முதுகுப்பைக்குள் வைத்தால் ஒரு கிலோவாவது மிச்சமாகும். பை பார்க்கவும் கேமரா பைபோல இருக்காது. அதுவும் ஒரு பாதுகாப்பு.

இரண்டாவது வழி, குடும்பம். நான்கு பேர் பறந்தால் நான்கு ஏழு கிலோ இருக்கிறது. "அம்மா, உங்க பையில எவ்வளவு இடம் இருக்கு?" என்று முறுக்கு டப்பா உள்ளே போவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். இரண்டு கேமராவையும் ஒரே பையில் வைக்காமல், ஆளுக்கு ஒரு கேமரா, ஒரு லென்ஸ் என்று பிரித்து வையுங்கள். எடையும் பிரியும், ஆபத்தும் பிரியும். ஒரு பை தொலைந்தாலும் மற்றப் பையை வைத்து முகூர்த்தத்தைப் படம் பிடித்துவிடலாம்.

முக்காலி, விளக்குத் தாங்கி, திருகுளி, ஆணி முடுக்கும் கருவிகள் பெட்டியில் போகட்டும். முக்காலியை ஒரு விமான நிலையத்தில் விடுவார்கள், இன்னொன்றில் தடுப்பார்கள். அந்த வாதம் நமக்கு வேண்டாம். தூசு ஊதும் அழுத்தக் காற்றுக் குப்பியைக் கையிலும் கொண்டு போக முடியாது, பெட்டியிலும் போட முடியாது. ரப்பர் ஊதி போதும்.

வாசலில் பையைக் கேட்டால்

இதற்குத்தான் பைக்குள் ஒரு சிறு பை வேண்டும். தோளில் மாட்டும் துணிப்பை போதும். ஒரு கேமரா, அதிகம் பயன்படும் ஒரு லென்ஸ், எல்லாக் கூடுதல் பேட்டரிகளும், எல்லா மெமரி கார்டுகளும் அதற்குள் இருக்க வேண்டும். ஊழியர் பெரிய பையைக் கேட்டால், அதைத் திறந்து வரிசையை நிறுத்தி ஒவ்வொன்றாகத் தேட வேண்டியதில்லை. சிறு பையை உருவிக்கொண்டு பெரியதைக் கொடுத்துவிடலாம். அந்தப் பைக்கு ஓர் அடையாளச் சீட்டு தருவார்கள். அதை வாங்காமல் நகராதீர்கள்.

பேட்டரிகளை எடுத்துக்கொள்வது நம் வசதிக்காக மட்டுமல்ல, விதியும் அதுதான். கூடுதல் லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் சரக்குப் பகுதிக்குப் போகக் கூடாது. வாசலில் பையைக் கொடுக்கும்போதும் இது பொருந்தும். பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால், பயணிகள் இருக்கும் இடத்தில் யாராவது உடனே பார்ப்பார்கள், ஊழியர்கள் அணைப்பார்கள். சரக்குப் பகுதியில் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

2025 ஜனவரி 28ஆம் தேதி தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில், புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. உள்ளே இருந்த எல்லாரும் வெளியேறிவிட்டார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கூறினார்கள். அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் விதியை இறுக்கின. சிங்கப்பூர் ஏர்லைன்சும் ஸ்கூட்டும் 2025 ஏப்ரல் 1 முதல், பவர் பேங்கை எடுத்துவரலாம், ஆனால் விமானத்தில் அதைப் பயன்படுத்தவோ அதற்குச் சார்ஜ் ஏற்றவோ கூடாது என்றன. ஆகவே கேமரா பேட்டரிகளை வீட்டிலேயே சார்ஜ் செய்துவிடுங்கள்.

பேட்டரிக் கணக்கு

பேட்டரியின் அளவை வாட்-மணியில் சொல்வார்கள். பொது விதி இதுதான்: 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். 100க்கு மேல் 160 வரை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கூடுதல் பேட்டரிகள் இரண்டுக்கு மேல் கூடாது. 160ஐத் தாண்டினால் பயணியோடு போகாது. எத்தனை பேட்டரி, எத்தனை பவர் பேங்க் என்ற எண்ணிக்கையை நிறுவனங்கள் தனியாக வரையறுக்கும். பறப்பதற்கு முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். மேலே சொன்ன சோனி கேமராவின் பேட்டரி 7.2 வோல்ட், 2,280 மில்லி ஆம்பியர்-மணி. பெருக்கினால் 16.4 வாட்-மணிதான் வரும். 20,000 மில்லி ஆம்பியர்-மணி பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட்-மணி. 30,000 என்றால் 111; அனுமதி கேட்க வேண்டிய அளவு. காணொளி எடுப்பவர்களின் பெரிய பேட்டரிகளில்தான் கவனம் தேவை. எழுத்து அழிந்துபோன பேட்டரியைக் கொண்டு போகாதீர்கள். அளவு தெரியாவிட்டால் அதிகாரி அதை எடுத்துவைக்கச் சொல்லலாம்.

ஒவ்வொரு பேட்டரியையும் அதன் மூடியோடு வையுங்கள், அல்லது முனையில் ஒட்டுநாடா ஒட்டுங்கள். சாவியும் சில்லறையும் கிடக்கும் அறையில் பேட்டரியைப் போட்டால் முனைகள் உரசி மின்சாரம் குறுக்கே பாயலாம்.

இழப்பீடு எவ்வளவு?

பெட்டியில் போட்ட கேமரா உடைந்தாலோ தொலைந்தாலோ நிறுவனம் பணம் தரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அனைத்துலகப் பயணங்களுக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை உண்டு. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா மூன்றும் அதில் உள்ளன. அதன்படி சாமான்களுக்கான இழப்பீட்டின் உச்சவரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், ஒரு பயணிக்கு அனைத்துலகப் பண நிதியக் கணக்கில் 1,519 அலகு. தோராயமாக 2,000 அமெரிக்க டாலர். மேலே சொன்ன 70-200 லென்ஸ் ஒன்றின் விலையே அதைத் தாண்டும். கேமரா போன்ற விலையுயர்ந்த பொருள்களைப் பெட்டியில் போடவே வேண்டாம் என்று பல நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளில் எழுதியும் வைத்திருக்கின்றன. நம் கையில் உள்ள பைக்கோ, தவறு நிறுவனத்துடையதாக இருந்தால்தான் அது பொறுப்பேற்கும்.

அனுப்பிய பை சேதமாகி வந்தால், கிடைத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்திருந்தால் 21 நாள். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. பயணக் காப்புறுதி எடுப்பவர்கள் முகவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு பொருளுக்கு உச்சவரம்பு எவ்வளவு? தொழிலுக்குப் பயன்படுத்தும் கருவிக்கும் காப்பு உண்டா? இரண்டாவது கேள்விக்குப் பல திட்டங்களில் பதில் இல்லை என்பதே.

பிலிம் வைத்திருப்பவர்களுக்கு

மெமரி கார்டுக்கு எக்ஸ்ரேயால் கெடுதல் இல்லை. ஆனால் பிலிம் சுருளில் படம் எடுக்கும் பழக்கம் இளைஞர்களிடம் திரும்ப வந்திருக்கிறது. பெட்டிகளைச் சோதிக்கும் எக்ஸ்ரே வலுவானது என்பதால் பிலிமைப் பெட்டியில் போடவே கூடாது. கைப்பைகளுக்கும் இப்போது பல இடங்களில் சிடி வகை இயந்திரம் வந்துவிட்டது. அதுவும் பிலிமைப் பாதிக்கும். சுருள்களை டப்பியிலிருந்து எடுத்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டு, கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். ஏற்பது அதிகாரியின் முடிவு. கேட்பதற்கு நேரம் வேண்டும். சாங்கியின் 1, 2, 3ஆம் முனையங்களில் சோதனை புறப்பாட்டு வாயிலிலேயே நடப்பதால், கடைசி ஆளாகப் போய் நின்றால் கேட்க வாய்ப்பே இருக்காது.

இறங்கிய பிறகு

கேமராக்கள், லென்ஸ்களின் தொடர் எண்களையும் ரசீதுகளையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். போகும் நாட்டின் சுங்கத்துறை கேட்டாலும், திரும்பும்போது நம் நாட்டில் கேட்டாலும், இது பழைய பொருள், என் சொந்தப் பொருள் என்று காட்ட அதுதான் சான்று. தொழிலுக்காக நிறையக் கருவிகளோடு வெளிநாடு போகிறவர்களுக்கு ஏடிஏ கார்னெட் என்ற தற்காலிகச் சுங்க ஆவணம் உண்டு. வெளிநாட்டில் கூலிக்குப் படம் எடுப்பதற்குச் சுற்றுலா விசா போதாது என்பதையும், முன்பணம் வாங்கும் முன்பே யோசித்துவிட வேண்டும்.

இந்தியாவுக்குப் போகிறவர்கள் டிரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். டிரோன் இறக்குமதியை இந்தியா 2022 பிப்ரவரியில் தடை செய்தது. கோயில் கோபுரத்தை மேலிருந்து எடுக்கும் ஆசையில் கொண்டு போனால், அது சுங்கத்திலேயே தங்கிவிடலாம்.

திரும்பும்போது

போகும்போது பையில் விலை உயர்ந்தது கேமரா. திரும்பும்போது அப்படியல்ல. கேமரா தொலைந்தால் வேறு வாங்கலாம். அக்காள் கழுத்தில் தாலி ஏறிய நொடியை வேறு எங்கே வாங்குவது? பாட்டி கடைசியாகப் பார்த்த திருமணமாகக்கூட அது இருக்கலாம்.

இரண்டு கார்டு போடும் கேமராவில் ஒரே படம் இரண்டிலும் பதியும்படி அமைத்துவிடுங்கள். அன்றிரவே ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும் நகல் எடுங்கள். ஊர் திரும்பும்போது ஒரு தொகுதிக் கார்டு உங்கள் சட்டைப் பையில், மற்றொன்று அப்பாவிடம், ஹார்ட் டிஸ்க் தங்கையின் பையில் இருக்கட்டும். வீட்டுக் கணினியில் ஏற்றி, திறந்து பார்க்கும் வரை எந்தக் கார்டையும் அழிக்காதீர்கள்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு பையைத் தராசில் ஒருமுறை வையுங்கள். ஏழைத் தாண்டினால் எதை எடுப்பது என்று வீட்டில் உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யலாம். விமான நிலையக் கவுண்டரில், பின்னால் முப்பது பேர் நிற்கும்போது, அந்த முடிவை நிதானமாக எடுக்க முடியாது.