ஹாக்வார்ட்ஸ் ஹாலோவீன்: விருந்து சரி, விழா எங்கே?

ஹாரி பாட்டர் படித்த யாரையாவது பிடித்து, ஹாக்வார்ட்ஸில் ஹாலோவீன் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். கண்கள் விரியும். மூன்று ஆள் உள்ளே உட்காரும் அளவு பரங்கிக்காய் விளக்குகள், கூரையெல்லாம் உயிருள்ள வௌவால்கள், தங்கத் தட்டு நிறையத் தின்பண்டம் என்று அடுக்குவார்கள். சரி, அன்றைக்கு மாணவர்கள் என்ன செய்தார்கள் என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள். கொஞ்சம் யோசிப்பார்கள். பிறகு "சாப்பிட்டார்கள்" என்பார்கள்.

அவ்வளவுதான் விஷயம். உலகத்திலேயே பேர்போன மாயப் பள்ளிக்கூடத்தில் ஹாலோவீன் என்பது ஒரு சாப்பாட்டுப் பந்தி. பரங்கிக்காய் வளர்ப்பது ஹாக்ரிட். சமைப்பது அடுக்களையில் இருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஹவுஸ் எல்ஃப்கள் (சம்பளம் கிடையாது, பந்தியில் இடமும் கிடையாது; இதைக் கேள்வி கேட்ட ஒரே ஆள் ஹெர்மயனி, அவளையும் எல்லாரும் சிரித்தார்கள்). பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்ட வேலை வந்து உட்காருவது, அண்ணாந்து பார்ப்பது, தின்றுவிட்டுப் படுக்கப் போவது. முதல் நான்கு புத்தகங்களையும் புரட்டிப் பாருங்கள். ஒரு பிள்ளை ஒரு காயைக் குடைந்ததாகவோ, ஒரு வேடம் கட்டியதாகவோ, ஒரு விளையாட்டு ஆடியதாகவோ ஒரு வரி கிடையாது.

இதில் பெரிய வேடிக்கை, பள்ளிக்கூடம் இருப்பது ஸ்காட்லாந்தில்! ஹாலோவீனைக் கையில் எடுத்து ஆடிப்பாடி வளர்த்த ஊர் அது. அங்கே பிள்ளைகள் வேடம் போட்டு வீடு வீடாகப் போவதற்கு 'கைசிங்' என்று பெயர். அமெரிக்கப் பிள்ளைகள் மாதிரி கதவைத் தட்டிக் கையை நீட்டினால் மிட்டாய் விழாது. ஒரு பாட்டு, ஒரு கவிதை, குறைந்தபட்சம் ஒரு மொக்கை ஜோக்காவது சொன்னால்தான் கொட்டையோ பழமோ கிடைக்கும். பழைய காலத்தில் விளக்குக்குப் பரங்கிக்காய் கூட இல்லை, டர்னிப் கிழங்கைக் குடைவார்கள். அது கல் மாதிரி இருக்கும், குடைவதற்குள் கை கழன்றுவிடும். தண்ணீர்த் தொட்டியில் மிதக்கும் ஆப்பிளைக் கை படாமல் வாயால் கவ்வுவது, கயிற்றில் தொங்கும் பாகு தடவிய பன்னைக் கையைக் கட்டிக்கொண்டு தின்பது எல்லாம் உண்டு. ராபர்ட் பர்ன்ஸ் 1785ல் 'ஹாலோவீன்' என்று ஒரு நீள் கவிதையே எழுதினார், அடுத்த வருடம் அச்சில் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு தோட்டத்தில் கீரைத்தண்டைப் பிடுங்கி, அதன் வளைவு நெளிவைப் பார்த்து வரப்போகும் துணையின் லட்சணம் சொல்வது, வேரில் ஒட்டிய மண்ணை வைத்து வரதட்சணை கணக்குப் போடுவது எல்லாம் அதில் வருகிறது. ஜோசியத்துக்கென்று தனி வகுப்பும் தனி ஆசிரியையும் வைத்திருக்கிற பள்ளிக்கூடம், ஹாக்ரிட்டின் காய்கறித் தோட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, இந்த ஒன்றைக்கூடச் செய்யவில்லை.

"அட, கதையில் பேய்ப் பண்டிகைக்குச் சோறு போட்டால் என்ன, ஆட்டம் போட்டால் என்ன?" என்று கேட்கலாம். கேளுங்கள். பதில் 1991ஆம் வருட ஹாலோவீனில் இருக்கிறது.

அன்று காலை வகுப்பில் இறகைப் பறக்கவிடும் மந்திரத்தை முதலில் சரியாகச் செய்தவள் ஹெர்மயனி. கடுப்பான ரான், இவளுக்கு நண்பர்களே இல்லாததில் ஆச்சரியமில்லை என்று அவள் காதில் விழும்படி சொல்லிவிடுகிறான். அந்தப் பதினோரு, பன்னிரண்டு வயதுப் பெண் மத்தியானம் முழுக்கப் பெண்கள் கழிவறையில் உட்கார்ந்து அழுகிறாள். சக மாணவிக்குத் தெரியும். விருந்துக்குப் போகும் வழியில் ஹாரிக்கும் ரானுக்கும் தெரியவருகிறது. ரானுக்குக் கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது. ஆனால் கதவைத் திறந்து அலங்காரத்தைப் பார்த்ததுமே அவளை மறந்துவிடுகிறார்கள்! ஆயிரம் வௌவால் சுவரில், இன்னொரு ஆயிரம் மேசைக்கு மேலே. எப்படி ஞாபகம் இருக்கும்?

இந்த ஒரு காட்சி போதும், அந்த விருந்தின் லட்சணத்தைச் சொல்ல. நடுவில் குவிரெல் ஓடிவந்து ட்ரோல் என்ற பூதம் உள்ளே புகுந்துவிட்டது என்கிறார். டம்பிள்டோர் உடனே மாணவர் தலைவர்களைக் கூப்பிட்டு, அவரவர் கூட்டத்தை விடுதிக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். தலையை எண்ணியது யார்? யாருமில்லை. ஒரு பெண் குறைகிறாள் என்பது தலைமையாசிரியருக்கும் தெரியாது, அவளுடைய இல்லத்துக்குப் பொறுப்பான மெக்கொனகலுக்கும் தெரியாது. உட்கார்ந்து தின்கிற கூட்டத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தால் பக்கத்து ஆளுக்கு இன்னும் கொஞ்சம் இடம், அவ்வளவுதான். அதே இடத்தில் நாலு பேர் சேர்ந்து ஒரு கிழங்கைக் குடைய வேண்டியிருந்தால், "கத்தி பிடிக்கிறவள் எங்கே?" என்று யாராவது தேடியிருப்பார்கள்.

அடுத்து நிக். க்ரிஃபிண்டார் இல்லத்து ஆவி. 1492 அக்டோபர் 31 அன்று மொண்ணைக் கோடாலியால் நாற்பத்தைந்து வெட்டு வாங்கியும் தலை முழுதாகப் போகாமல் அரை அங்குலத் தோலில் தொங்குகிற பரிதாபப் பிறவி. தலையில்லாதவர்களின் வேட்டைக் கூட்டத்தில் சேர மனுப் போடுகிறார். தலை சரியாகத் துண்டாகவில்லை என்று மனுவைத் தள்ளிவிடுகிறார்கள். (விதிமுறை பேசுகிறவர்களுக்குச் செத்த பிறகும் ஓய்வில்லை.) 1992ல் அவருடைய ஐந்நூறாவது இறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் அதே கும்பல் வந்து, தலைகளை வைத்து ஹாக்கி ஆடி, அவர் பேச்சைக் கெடுத்துவிட்டுப் போகிறது.

இவருக்காக, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, ஹாரி, ரான், ஹெர்மயனி மூவரும் பள்ளி விருந்தை விட்டுவிட்டு அழுகிய மீன் நாறும் நிலவறையில் பசியோடு நின்றார்கள். அதற்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? அன்றிரவு பூனை ஒன்று கல்லாக உறைந்து கிடந்தபோது, ஸ்நேப் கேட்ட கேள்வி: ஏன் விருந்துக்கு வரவில்லை? அதாவது, வந்து உட்காராதவன் சந்தேகத்துக்குரியவன். அழுத பெண் வராதபோது கேட்காத கேள்வி, ஒரு வருடம் கழித்துக் குற்றம் சாட்ட மட்டும் நினைவுக்கு வருகிறது.

அதே நிக்கை 1993ல் பாருங்கள். அந்த வருட விருந்தின் முடிவில் ஆவிகள் கலை நிகழ்ச்சி நடத்துகின்றன. நிக் தன்னுடைய சொதப்பலான தலைவெட்டையே நடித்துக் காட்டிக் கைதட்டல் அள்ளுகிறார். எந்த அரை அங்குலத் தோலுக்காக விரட்டப்பட்டாரோ, அதையே வேடிக்கையாக்கிவிட்டார் மனிதர்... சரி, ஆவி. ஒருவனை விளையாட விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் புத்தகத்திலேயே சாட்சி இருக்கிறது. என்ன கொடுமை என்றால், செத்தவர்களுக்கு மேடை கிடைத்தது, உயிரோடிருக்கும் பிள்ளைகளுக்குப் பெஞ்சுதான்.

அன்று பகலில் ஹாரி எங்கே இருந்தான்? மற்ற மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் ஹாக்ஸ்மீட் கிராமத்துக்குப் போய்விட்டார்கள். இவனுடைய படிவத்தில் பெரியப்பாவின் கையெழுத்து இல்லை, ஆகவே போகக்கூடாது. அவன் அப்பா அம்மா கொல்லப்பட்டது 1981ல் இதே அக்டோபர் 31ஆம் தேதி. இறந்தவர்களை நினைக்கும் நாட்களை ஒட்டி வந்த பண்டிகை இது, நவம்பர் 1 புனிதர்கள் தினம், 2 ஆன்மாக்கள் தினம். இருந்தும் அந்தப் பையனிடம் இன்றைக்கு என்ன நாள் என்று பேச ஒரு ஆசிரியர் இல்லை. தாழ்வாரத்தில் சுற்றியவனைக் கூப்பிட்டு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்தவர் லூபின் மட்டும்தான். ஆயிரம் வௌவாலை விட அந்தத் தேநீருக்கு மதிப்பு அதிகம்.

இப்போது ரசிகர்கள் ஒரு வாதத்தோடு வருவார்கள்: "அவர்களே மந்திரவாதிகள், மந்திரவாதி வேடம் எதற்கு?" சரியான கேள்விதான். அப்படியென்றால் மகிள் வேடம் போடட்டுமே! மந்திரம் தெரியாத சாதாரண ஜனங்களைப் போல உடுத்தத் தெரியாமல் இந்த மாயக்காரர்கள் படும் பாட்டை நான்காவது புத்தகத்தில் பார்த்தோமே. க்விடிச் உலகக் கோப்பை மைதானத்தில் ஒரு கிழவர் பூப்போட்ட பெண்கள் நைட்டியில் நின்றுகொண்டு பேண்ட் போட மாட்டேன் என்று அடம் பிடிப்பார். ஒரே ஒருநாள், பள்ளி முழுக்க மகிள் வேடம் என்று அறிவித்தால் எப்படி இருக்கும்! டை கட்டுவது எப்படி, தொலைபேசியில் பேசுவது எப்படி என்று கேட்டு ஊரே ஹெர்மயனி பின்னால் வரும். மகிள் வீட்டிலிருந்து வந்த அத்தனை பிள்ளைகளும் அன்றைக்கு ஆசான்கள். வருடம் முழுக்கப் புதுசாய்க் கற்றுக்கொண்டே இருப்பவர்கள் ஒருநாள் கற்றுக்கொடுப்பார்கள். அசுத்த ரத்தம் என்று மூக்கைப் பிடிக்கிற மால்ஃபோய் அன்றைக்கு யாரிடம் போய் நிற்பான்?

பிள்ளைகளுக்கு இதெல்லாம் செய்ய வராது என்றும் சொல்லாதீர்கள். 1994 ஹாலோவீன் காலையில் ஃப்ரெட்டும் ஜார்ஜும் வயதைக் கூட்டும் கஷாயம் குடித்துவிட்டு, டம்பிள்டோர் போட்ட வயதுக் கோட்டைத் தாண்டுகிறார்கள். கோடு தூக்கி எறிகிறது. இருவருக்கும் நீள வெள்ளைத் தாடி முளைக்கிறது. கூடமே சிரிக்கிறது, அவர்களும் எழுந்து ஒருவர் தாடியை ஒருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். நான்கு வருடத்தில் ஹாக்வார்ட்ஸ் மாணவர்கள் போட்ட ஒரே ஹாலோவீன் வேடம் அதுதான், அதுவும் தப்புச் செய்து மாட்டிக்கொண்டதால் கிடைத்தது. டம்பிள்டோர் வந்து ரசித்துவிட்டு, தாடியை எடுக்க மருத்துவமனைக்கு அனுப்பிவைத்தார்.

அன்று சாயந்திரம் வரை அந்தத் தாடிகளை விட்டுவைத்திருக்கலாம். இரண்டு கிழவர்கள் நிலவறைக்கு இறங்கி ஸ்நேப்பின் கதவைத் தட்டி, ஒரு பாட்டைப் பாடிவிட்டு, மிட்டாய் வரும்வரை நகர மாட்டோம் என்று நின்றிருப்பார்கள் :-)