சமய பாட நேரத்தில் விறாந்தையில் இருக்கும் பிள்ளைகள்

தோட்டப் பாடசாலை என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கொழுந்து எடுக்கும் அம்மா, லயத்து வீடு, மாரியம்மன் கோயில், அவ்வளவுதான். வகுப்புக்குள் வந்து பார்த்தால் கதை வேறு. சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தகப்பனுக்கும் பிறந்த பிள்ளை இருக்கிறாள். சந்தியில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை இருக்கிறான். வேதக்காரப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்ய, அம்மாயியிடம் வளரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

சமயம் கட்டாய பாடம். அந்தந்தப் பிள்ளைக்கு அதனதன் சமயம் என்பதே ஏற்பாடு. ஆனால் சிறிய பாடசாலையில் சைவநெறிக்கு ஓர் ஆசிரியர் இருந்தாலே பெரிய காரியம். மணி அடித்ததும் மூன்று நான்கு பேர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்குப் போய்விடுகிறார்கள். புத்தகம் அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. அவர்களை வெளியே போய் இருக்கச் சொன்னதும் ஆசிரியர்களாகிய நாங்கள்தான். பல வருடங்களாக அதை ஒரு குறையாகவே நாங்கள் நினைக்கவில்லை.

வெளியே நிற்பது நமக்குத் தெரியாத விஷயமா? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாட்டுக்கே வெளியே நிறுத்தியது. 1940களில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை துரைமாரின் கையிலேயே விடப்பட்டது. அரசாங்கம் அதைப் பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்தோம். இன்றும் டவுன் பாடசாலைக்குப் போகும் நம் பிள்ளை, "எந்த ஊர்?" என்று கேட்டால் தோட்டத்தின் பெயரை மறைத்து டவுனின் பெயரைச் சொல்கிறது. 'பெரட்டு' என்று கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையால் வெட்டு விழுகிறது. ஆங்கிலப் 'பரேட்'டை நம் பாட்டன்மார் தமிழாக்கிய சொல் அது. வெட்டுகிற ஆசிரியருக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

இதையெல்லாம் பட்டவர்கள் நாம். அதே காரியத்தை நம் விறாந்தையில் செய்யலாமா?

இரண்டாம் மொழிச் சிங்களப் பாடத்தில் ஒருநாள் அந்தச் சிங்களத் தாயின் மகளை எழுந்து வாசிக்கச் சொன்னோம். அதுவரை பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்தவள். இடைவேளைக்கு மணி அடித்தபோது நான்கு பிள்ளைகள் கொப்பியோடு அவளைச் சுற்றி நின்றார்கள். இதற்கு எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படவில்லை.

ஆசிரியர் விஷயம் அப்படியல்ல. பக்கத்துப் பாடசாலைகள் நான்கைந்துக்குப் பொதுவாக, கிழமைக்கு ஒருநாளாவது வந்து போகும் சமய ஆசிரியர்களை வலயக் கல்விப் பணிமனை தர வேண்டும். இதைப் பெற்றோர் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேட்டால்தான் எடுபடும். கூட்டத்துக்குப் போனால் அரைப்பேர் விழும் என்று அம்மாமார் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. கூட்ட நாளில் முழுப்பேர் போட வேண்டும் என்று நிர்வாகத்திடம் பேசுவது சங்கத்தின் வேலை.

தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் பாடசாலை விறாந்தையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதிக்கொண்டு வாருங்கள்.