ஸ்கூட்டர் பின் பிரேக் பிடிக்கலையா? டைட் வைக்கும் முன் இதைப் பாருங்க!

சத்திரம் பேருந்து நிலையம் பக்கமிருந்து காவிரிப் பாலம் ஏறி, மாம்பழச் சாலை வழியாக ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்குத் தெரியும். பாலத்தில் போகும் வேகம் வேறு, ராஜகோபுரம் தாண்டியதும் போகும் வேகம் வேறு. சித்திரை வீதியிலும் உத்திர வீதியிலும் பூக்கூடை, மாடு, கோயிலுக்கு நடக்கும் பெரியவர்கள் என அடிக்கடி பிரேக் பிடித்தாக வேண்டும். பின் சீட்டில் மாமியார், முன்னால் பள்ளிக்கூடப் பையோடு குழந்தை. அந்த நேரத்தில் இடது லிவரை முழுசாக இழுத்தும் வண்டி நிற்காமல் நழுவினால்?

பலரும் செய்வது, 'கொஞ்சம் டைட் வைங்க' என்று மெக்கானிக்கிடம் சொல்வதுதான். அது சில சமயம் சரி. சில சமயம் ஆபத்து. எது எப்போது என்று தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும்.

முதலில் சக்கரத்தைச் சுற்றுங்கள்

இன்ஜினை அணைத்துவிட்டு, சமதளத்தில் சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். பின் சக்கரம் தரையைத் தொடாது. கையால் சுற்றிவிட்டு லிவரைப் பிடியுங்கள். சக்கரம் சட்டென நிற்க வேண்டும். விட்டதும் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

ஓட்டிப் பார்த்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கப்படும் 125 சிசி வரையிலான வண்டிகளில் கூட்டு பிரேக் அல்லது ஏபிஎஸ் கட்டாயம். கூட்டு பிரேக் உள்ள ஸ்கூட்டரில் இடது லிவரைப் பிடித்தால் முன் சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். பின் பிரேக்கின் பலவீனம் அதில் மறைந்துபோகலாம்.

அம்புக்குறி என்ன சொல்கிறது?

டிரம் பிரேக்கில், பின் சக்கரத்தருகே கேபிள் போய்ச் சேரும் இடத்தில் சின்ன இரும்புக் கை இருக்கும். பல ஸ்கூட்டர்களில் அதன் அருகே ஓர் அம்புக்குறியும், டிரம் மூடியில் ஒரு கோடும் இருக்கும். லிவரை முழுசாகப் பிடிக்கும்போது அம்பு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால், பிரேக் ஷூ தேய்ந்து முடிந்தது என்று அர்த்தம். இனி நட்டைத் திருகிப் பயனில்லை. ஷூ மாற்ற வேண்டும்.

அம்பு கோட்டுக்கு வரவில்லை, ஆனால் லிவர் தொளதொளவென்று இருக்கிறதா? அப்போது டைட் வைக்கலாம். நட்டை அரைச் சுற்று திருகி, சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். நட்டின் பள்ளம் பின்னில் சரியாக உட்கார வேண்டும். லிவரில் எவ்வளவு விளையாட்டு இருக்கலாம் என்பதை வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மீறி இறுக்கினால் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். சூடேறும், மைலேஜ் குறையும், பிரேக்கும் இன்னும் மந்தமாகும்.

இரண்டும் இல்லையென்றால்?

* லிவர் கனமாக இருந்தால் கேபிள் துருப்பிடித்திருக்கலாம். நூல் பிரிந்த கேபிளை உடனே மாற்றுங்கள்.
* மழையில் நனைந்தோ, வண்டி கழுவியோ பிடிக்கவில்லையென்றால், டிரம்மில் ஈரம் இறங்கியிருக்கலாம். ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, லேசாகப் பலமுறை பிடித்தால் காய்ந்துவிடும்.
* காய்ந்தும் பிடிக்கவில்லை, சக்கரத்தருகே எண்ணெய்க் கசிவும் தெரிகிறதா? ஆயில் சீல் போயிருக்கலாம். சீலோடு ஷூவையும் மாற்றச் சொல்லுங்கள். எண்ணெய் ஊறிய ஷூவைத் துடைத்துப் போடுவது தற்காலிக வேலைதான்.
* டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊத வேண்டாம். ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

வேலை முடிந்ததும் பிரேக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். பிறகு, குழந்தையை ஏற்றாமல், காலியான தெருவில் ஒருமுறை பிடித்துப் பாருங்கள். அப்போதும் சந்தேகம் என்றால், அன்றைக்கு ஆட்டோவில் போய்விட்டு வண்டியை மெக்கானிக்கிடம் விடுங்கள்.