மங்கிய ஒளியும் மாணவர் கடமையும்

மார்கழி மாதத்து அமாவாசை முன்னிரவில், சங்கரன்கோவிலின் தெருவிளக்குகளைக் கடந்து கரிசற்காட்டில் நின்று வடவானை நோக்குவோமாயின், புகைபோன்ற சிறு மாசொன்று புலனாகும். அது ஆந்திரோமீடா என்னும் விண்மீன் மண்டலமாம். அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் செல்கின்றன. வெறுங்கண்ணின் எல்லை ஏறக்குறைய அவ்வளவே.

அதற்கும் நெடுந்தொலைவிலுள்ள மண்டலங்களின் ஒளியோ, பிரபஞ்சம் விரிவதனால் வழியிலேயே நீட்சியுற்று, கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியாக வந்து சேருகின்றது. பூமியின் வெப்பமும் வாயு மண்டலமும் அம்மெல்லொளியை மறைத்துவிடும். ஆதலின், 6.5 மீட்டர் அகலமுள்ள ஆடியைத் தாங்கிய ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2021-ம் ஆண்டு டிசம்பர் 25-ம் தேதி விண்ணிற் செலுத்தப்பட்டது. பூமிக்கு 15 லட்சம் கிலோமீட்டர் அப்பால், கடுங்குளிரில் இருந்துகொண்டு, வானின் ஒரு சிறு துண்டையே பல மணி நேரம் நோக்கி, துளித்துளியாய் விழும் ஒளியை அது சேர்க்கின்றது.

“இதனால் நமக்கென்ன பயன்? தறியையும் மானாவாரி நிலத்தையும் நம்பிப் பிழைக்கும் ஊரார்க்கு எட்டாத மண்டலம் எதற்கு?” என்று வினவுவாருமுளர். வினா நியாயமானதே. இவ்வாராய்ச்சி மழையைப் பெய்விக்காது. நூல் விலையையும் குறைக்காது. ஆயினும், ‘அறிவு பிறர் சொத்து, நாம் அதைக் கேட்டு மனனஞ் செய்யப் பிறந்தவர்’ என்னும் எண்ணம் ஓர் ஊரின் இளைஞரிடத்தே வேரூன்றுமாயின், அதனினும் பெரிய வறுமை வேறில்லை.

2025-ம் ஆண்டில் நிகழ்ந்ததை நோக்குக. புனே நகரத்துத் தேசிய வானொலி வானியல் மையத்தைச் சேர்ந்த ராஷி ஜெயின், யோகேஷ் வாடதேகர் ஆகிய இருவரும் வெப் தொலைநோக்கியின் படங்களை ஆராய்ந்து, இரு சுருட்கைகள் செவ்வனே அமைந்த மண்டலமொன்றைக் கண்டறிந்து, அதற்கு ‘அளகநந்தா’ என்று பெயரிட்டனர். பிரபஞ்சத்திற்கு 150 கோடி ஆண்டே ஆகியிருந்த காலத்து ஒளி அது. அத்துணை இளமையில் இத்துணை ஒழுங்கான வடிவம் தோன்றியிருத்தல் அறிஞர் பலரும் எதிர்பாராதது. அத்தொலைநோக்கி அவர்களுடையதன்று, படங்களோ உலகிற்குப் பொதுவானவை. பார்த்த கண்ணும் பொறுத்த மனமுமே அவர்களுடையவை.

நம் நாட்டிற்கு வானாராய்ச்சி புதிதன்று. கொடைக்கானல் ஆய்வகம் 1899-லும், காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-லும் ஏற்பட்டன. இன்று வேண்டுவது மலையுமன்று, பெரும் பொருளுமன்று. கணிதமும், கணினிப் பயிற்சியும், பொறுமையுமே. ஆகவே, வாரத்தில் ஒரு மாலைப்பொழுதைப் பௌதிக, கணித மாணவர் ஒருங்கே அமர்ந்து இப்படங்களை ஆராய்வதற்கென ஒதுக்குமாறு ஆசிரியரை வேண்டுகின்றோம். அதற்காகும் சில கணினிகளைப் பழைய மாணவர் உதவுவாராக. கண்டதைத் தமிழில் எழுதி இம்மலரில் வெளியிடுதல் நம் கடமையாகும்.

ஒரு கணத்து ஒளியால் அம்மண்டலங்கள் புலப்படுவதில்லை. நெடுநேரம் சேர்த்த ஒளியாலேயே புலப்படுகின்றன. கல்வியும் அத்தகையதே. இவ்வாண்டே தொடங்குவோமாக.